மணி அடித்தவரும் மணி கேட்டவரும்

தடக்... சர்ர்... தடக்... சர்ர்...

பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடக்குக்கும் ஃப்ளோரன்ஸின் நெஞ்சு ஒரு முறை எகிறி அடங்கியது. ஒரு தடக்குக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் அவள் பெயர்!

கல்மண்டபத்தில் அமீருதீன் பாயின் அச்சகம். முன் அறையில், மேஜைக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவே அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மை. மடியில் நேற்று திருத்திய ப்ரூஃப். அதை எத்தனை தடவை படித்திருப்பாள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ‘மணி அடித்தவர் மறைந்தார்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, ‘ஜே. ஃப்ளோரன்ஸ், பி.ஏ. இரண்டாம் ஆண்டு.’

தன் பெயரையே விரலால் தடவிப் பார்த்தாள். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

"பாய்! பாய் கீறாரா?"

வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். அந்நியர் யார் வந்தாலும் என்ன செய்வாளோ அதையே செய்தாள்: தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொண்ணுக்குக் கண்ணாலம். பத்திரிகை அடிக்கணும் பாப்பா."

எங்கேயோ கேட்ட குரல். மெல்ல நிமிர்ந்தாள். நரைத்த மீசை. பழைய காக்கிச் சட்டை. காது மடலில் பாதி பீடி.

சேசு, மரி, சூசையே!

நின்றவர் அருள்நாதன். கல்லூரியில் மணி அடித்துக்கொண்டிருந்த அதே அருள்நாதன். அவர் இறந்துபோன செய்திதான் பக்கத்து அறையில் தடக் தடக்கென்று அச்சாகிக்கொண்டிருந்தது!

"இன்னா பாப்பா, பேயக் கண்டாப்பல முழிக்கிறே? பாய் உள்ள கீறாரா இல்லியா?"

ஃப்ளோரன்ஸின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேதைப் பெண் அப்போது பட்ட பாடு உங்களுக்கு விளங்காது.

அப்பா ஜேக்கப் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அம்மா சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் எடுத்து, ரயிலேறித் திருவொற்றியூர் போய்த் தெருத்தெருவாக விற்கிறவள். ‘வஞ்சிரோம்... சங்கரா...’ என்று அவள் குரல் கொடுத்தால் மாடியில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள். அவள் வயிற்றிலா இந்தப் பெண் பிறந்தாள் என்று தெருவே அதிசயப்பட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஃப்ளோரன்ஸ் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வந்தவர்கள் காபி குடித்து, ஊர்க் கதையெல்லாம் பேசி, எழுந்து போகும்வரை அந்தக் கதவுதான் அவளுக்குத் துணை.

"உன்னைக் கட்டிக் குடுக்கறப்ப இந்தக் கதவையும் பேத்து சீதனமா அனுப்பறேன்டி," என்பாள் அம்மா.

கல்லூரியில் அந்தக் கதவு இல்லை. பேராசிரியர் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். சொல்லத்தான் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கே கேட்காது. மழையிலும் வெயிலிலும் தவறாமல் வந்து உட்கார்ந்த பெண், வருகைப் பதிவில் பாதி நாள் வராதவள்! பையன்கள் அவளுக்கு ‘ஊமைப் படம்’ என்று பெயர் வைத்தார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம், முதல் நாள். மணி அடித்ததும் வாசல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஃப்ளோரன்ஸ் வெளியே நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று நினைத்த அந்த நொடியில், மணிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்த அருள்நாதன் அவளைப் பார்த்தார். கயிறு கையில் இருந்தது. மணி அடிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ‘வா தாயி, உனக்காகத்தான் நிற்கிறேன்’ என்று சொல்வதுபோல ஒரு சிரிப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். அவள் உள்ளே கால் வைத்த பிறகுதான் மணி அடித்தது.

அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த வருஷம் முழுக்கத் துடித்தாள். ‘ரொம்ப நன்றிங்க அண்ணே’. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். அவரைக் கண்டதும் தலை குனிந்துவிடும். கோடை விடுமுறையில் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நன்றி அவள் தொண்டையிலேயே தங்கிப்போனது.

‘உப்புக் காற்று’ கல்லூரி மாணவர்களின் நாலு பக்கப் பத்திரிகை. மாதம் ஒன்று வரும். ஆசிரியர் பாஸ்கர், வியாசர்பாடிக்காரன், கடைசி வருஷ மாணவன், வாய் ஓயாதவன். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய இதழில் யாரோ பென்சிலால் பிழை திருத்திவிட்டுப் போவதைக் கவனித்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பிடித்தான்.

"நீங்கதானா அது?"

இல்லையென்று தலையாட்டினாள். பென்சில் கையில் இருந்தது!

"பேச வேணாங்க. படிச்சா போதும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கினேதான் கீறோம். பேசாத ஆளு ஒருத்தர் வேணும்."

அப்படித்தான் அவள் அமீருதீன் பாயின் அச்சகத்துக்குள் வந்தாள். ஈயமும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த அந்த வாசனை அவளை என்னவோ செய்தது. அங்கே யாரும் அவளைப் பேசு பேசு என்று பிடுங்கவில்லை. ஈரத் தாளை நீட்டினார்கள்; அவள் படித்தாள். ஒருநாள், "பாய், இந்த எழுத்து சாஞ்சிருக்கு," என்று அவளாகவே சொன்னாள். இன்னொரு நாள் பாஸ்கரின் தலையங்கத்தில் நாலு வரியை அடித்துவிட்டு, "இது வேண்டாங்க," என்றாள். "ஏங்க, அதுதாங்க என் உசுரு!" என்று அவன் அலறியதில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. பெயர் போடாமல் சின்னச் சின்னச் செய்திகள் எழுதினாள். பெயர் போட்டு ஒன்று எழுதச் சொல்லி பாஸ்கர் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் துக்க மணி அடித்தது. கோயில் வாசல் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: ‘அருள்நாதன், கல்மண்டபம். நாளை காலை அடக்கம்.’

மணி அடித்தவரும் கல்மண்டபம்தான். அவளுக்கு உலகமே இருண்டது.

அந்தப் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு, ஞானஸ்நானத்தின்போது அதைக் கையில் ஏந்துகிற ஞானத்தகப்பனின் பெயரையே வைப்பார்கள். அந்தக் காலத்தில் அருள்நாதன் என்ற படகுக்காரர் ஒருவர் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். அதனால் ஆளுக்கு ஆள் அருள்நாதன். வலை அருள்நாதன், பேண்டு வாத்திய அருள்நாதன், மாடி வீட்டு அருள்நாதன். பலகையில் பட்டப்பெயர் எழுத மாட்டார்கள். அதனால் துக்க மணி கேட்டதும் பேட்டை ஜனங்கள் முதலில் கேட்கிற கேள்வி, ‘எந்த அருள்நாதன்?’ என்பதுதான்.

ஃப்ளோரன்ஸ் கேட்கவில்லை. கேட்க யாரிடமாவது பேச வேண்டுமே! துக்க வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனாள். வாசலில் கறுப்புத் துணி, பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே போய் முகத்தைப் பார்க்கக் கால் வரவில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். உயிரோடு இருந்தவரிடம் சொல்ல முடியாததையெல்லாம் இறந்துபோனவரிடம் கொட்டி எழுதினாள். பாஸ்கர் அதை இரண்டு தடவை படித்தான். முதல் பக்கத்தில் பாதியை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

இப்போது செத்தவர் எதிரில் நிற்கிறார்! மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்து நிற்கிறார்!

தடக்... சர்ர்... தடக்... ஒவ்வொரு தடக்குக்கும் அருள்நாதன் ஒரு தரம் செத்துக்கொண்டிருந்தார்.

"பாய்!" என்றாள். காற்றுதான் வந்தது. "பாய்..." மெஷின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? ஃப்ளோரன்ஸ் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருஷமாக உள்ளேயே கிடந்தது ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது.

"பாய்! மெஷின நிறுத்துங்க!"

அருள்நாதன் இரண்டு அடி பின்னால் போனார். மெஷின் நின்றது. அமீருதீன் பாய் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கத்தினது யார் என்று அறையைச் சுற்றிலும் தேடினார்.

"நீயா?" என்றார் நம்ப முடியாமல். "சிலுவையம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"பாய், நம்ம வேலைய மொதல்ல கவனி," என்றார் அருள்நாதன். "எழுதிக்க. பொண்ணு பேரு டோரதி. தகப்பன் பேரு அருள்நாதன். காலேஜுல மணி அடிச்சவரு."

பாயின் பென்சில் நின்றது. அவர் அருள்நாதனைப் பார்த்தார். ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். அவள் அருள்நாதனின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"மாப்ள வூடு?" என்றார் பாய், குரலை ஒருவழியாகக் கூட்டிக்கொண்டு.

"திருவொத்தியூரு. சம்பந்தி பேரு லூர்து. காலேஜ் ஆபீஸ்லதான் கணக்கு எழுதறாரு. தங்கமான மனுசன், ஆனா சகுனம் பாக்கறதுல மகா பேஜாரு. நிச்சயத்துக்கு வர்றப்ப பூனை குறுக்க போச்சுன்னு பாதி வழில திரும்பிட்டாரு. பத்திரிகைல ஒரு தப்பு வந்துச்சு, கண்ணாலமே நின்னுடும் பாய். பொண்ணு தாங்காது. பாத்து அடி."

அவர் படியிறங்கித் தெரு திரும்புகிறவரை இருவரும் மூச்சுவிடவில்லை.

"பாஸ்கர் எங்க பாய்?"

"மொத கட்ட எடுத்துக்கினு சைக்கிள்ல அப்பவே பூட்டானே! நாளைக்கு ஆண்டு விழா, இன்னிக்கே சுடச்சுடக் குடுக்கறேன்னான்."

கல்லூரிக்கா? சகுனம் பார்க்கிற லூர்து உட்கார்ந்திருக்கிற கல்லூரிக்கா?

செருப்பை மாட்டக்கூட அவள் நிற்கவில்லை. தெருவில் ஓடினாள். எதிரே வந்த சைக்கிள் ரிக்‌ஷாவை மறித்து ஏறினாள். "காலேஜுக்கு! சீக்கிரம்! ஒரு கண்ணாலம் நிக்கப்போவுது!"

"ஓடிப்போற கேஸா தங்கச்சி?" என்றான் ரிக்‌ஷாக்காரன் உற்சாகமாக.

"பேசாம மிதிங்க அண்ணே!"

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. நான்தானா இது?

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டி ஒன்று, பெட்டி பெட்டியாக, முன்னால் கொஞ்சமும் பின்னால் கொஞ்சமுமாகப் போய்க்கொண்டு, நகர்வேனா என்றது. அதோ, கேட்டுக்கு அந்தப் பக்கம் கல்லூரி மணிக் கூண்டு தெரிகிறது. ரிக்‌ஷாவிலிருந்து குதித்தாள். கடைசிப் பெட்டி தாண்டியதோ இல்லையோ, கேட்டோரத்துச் சின்ன வழியில் நுழைந்து, தண்டவாளத்தைக் கடந்து, கால் சுடச்சுட ஓடினாள்.

கல்லூரி முற்றம் திருவிழாவாக இருந்தது. காகிதத் தோரணம், மேடை, ஒலிபெருக்கியில் யாரோ ‘ஹலோ ஹலோ’ என்று கதறுகிறான். எல்லோர் கையிலும் ‘உப்புக் காற்று’. இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள்!

"ஃப்ளோரன்ஸ்!" பாஸ்கர் ஓடி வந்தான். "தமிழ் டிபார்ட்மெண்டே அழுவுதுங்க! நான் அப்பவே சொன்னேன்ல?"

"அவரு சாகல."

"யாரு?"

"அருள்நாதன் அண்ணே. இப்பதான் பாத்தேன். பொண்ணு கண்ணாலத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தாரு. லூர்து சார் பையன்தான் மாப்ள."

மூன்று வருஷமாக ஓயாத வாய் முதன்முதலாக ஓய்ந்தது. பிறகு பாஸ்கர் தாளைத் திருப்பிக் கேட்டு முற்றத்தைப் பார்த்துக் கத்தினான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எடுபடவில்லை.

ஃப்ளோரன்ஸ் சுற்றிலும் பார்த்தாள். மணிக் கூண்டு. கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள். மேலே எங்கேயோ கப்பியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் கோண, உடம்பையே கயிற்றில் தொங்கவிட்டு இழுத்தாள்.

டணார்!

டணார்! டணார்! டணார்!

முற்றமே திரும்பியது. பேராசிரியர்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை கண்ணும் அவள் மேல். எந்தக் கதவும் இல்லை ஒளிந்துகொள்ள!

"அந்தப் பேப்பர் எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க!" என்று கத்தினாள். "அருள்நாதன் அண்ணே உசுரோட கீறாரு! எழுதினது நான்தான். தப்பு என்னுது. நான் வூட்டுக்குள்ள போய்ப் பாக்கல, யாரையும் கேக்கல. வெளியவே நின்னு அழுதுட்டு வந்து எழுதிட்டேன்!"

பின்வரிசையிலிருந்து ஒருவன்: "டேய், ஊமைப் படம் பேசும் படமாயிடுச்சு டோய்!"

"செத்தவரே நேர்ல வந்து புகார் குடுத்தாரா?" என்றான் இன்னொருவன்.

முற்றம் சிரித்து உருண்டது. ஃப்ளோரன்ஸின் காது எரிந்தது. ஆனால் தலை குனியவில்லை.

"ஆமா! கண்ணாலப் பத்திரிகையோட வந்தாரு. நீங்க அந்தப் பேப்பர வச்சிருந்தா அந்தக் கண்ணாலம் நின்னுடும். குடுங்க!"

இப்போதும் சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. முதலில் ஒருவன் வந்து மடித்த தாளை அவள் கையில் வைத்தான். அவன் பின்னால் இன்னொருவன். வரிசையே நின்றது. கேலி செய்தவன் கடைசியாக வந்து, "மன்னிச்சுக்கங்க," என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது. அலுவலகத்தில் எட்டிப் பார்த்தாள். லூர்துவின் நாற்காலி காலியாக இருந்தது.

"சாப்பிடப் போயிருப்பாரு," என்றான் பாஸ்கர். அவனுக்கு அவன் கவலை. தலையில் கை வைத்து மணிக் கூண்டின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நாளைக்குப் பத்திரிகை வரலைன்னா இதோட மூடிடுங்கன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. அடிக்காத தாளு முக்காவாசி கெடக்கு, அது பிரச்சனை இல்ல. மொத பக்கத்துல பாதி காலிங்க! எத போட்டு ரொப்பறது?"

ஃப்ளோரன்ஸின் மனம் வேறு எங்கோ இருந்தது. கோயில் மணி அடித்தது நிஜம். பலகையில் பெயர் இருந்தது நிஜம். கறுப்புத் துணி, பெஞ்சு, அழுகை எல்லாம் நிஜம்.

"அப்ப செத்தது யாருங்க?" என்றாள்.

"என்ன?"

"யாரோ ஒரு அருள்நாதன் செத்திருக்காரு. அவருக்காக நாம யாருமே அழல. அவரு வூட்டு வாசல்ல நின்னு, வேற ஒருத்தருக்காக அழுதுட்டு வந்துட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பாய்கிட்ட சொல்லுங்க, எடத்த அப்படியே வச்சிருக்கட்டும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்."

அதே தெருமுனை. அதே கறுப்புத் துணி, ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் ஆடியது. கால் தயங்கியது. இந்த முறை அவள் கால் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தது ஒரு நடுத்தர வயதுப் பெண். அழுது வீங்கிய கண்.

"நான் காலேஜ் பத்திரிகைல இருந்து வரேன்க்கா," என்றாள் ஃப்ளோரன்ஸ். "உங்க வீட்டுக்காரர் எந்த அருள்நாதன்னு... தெரிஞ்சுக்கலாமா?"

அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தாள். "கயிறு அருள்நாதன்னு சொல்வாங்கம்மா. கப்பல் உள்ள வந்தா, அதோட கயித்த லாஞ்சுல எடுத்துனு போய்க் கட்டுவாரு. அதுவே வேலை." சட்டென்று குரல் உடைந்தது. "எந்தக் காலேஜு? ரயில்வே கேட்டாண்ட கீதே, அதா?"

"ஆமாக்கா."

"ஐயோ, அந்த மணி!" அவள் ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். "தண்ணில நிக்கறப்ப அந்த மணிதாம்மா அவருக்குக் கடியாரம். மத்தியானம் காலேஜ் மணி கேட்டாத்தான் சோத்து டப்பாவத் தொறப்பாரு. ஞாயித்துக்கெழம மணி கெடையாதுல்ல? அன்னிக்கு மீன் கொழம்பு வச்சிக்கினு நான் கூப்புட்டுக்கினே இருப்பேன். ‘இன்னும் மணி அடிக்கலியே’ம்பாரு. அடிக்கிறது யாருன்னு ஒரு நாளு போய்ப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. போவவே இல்ல."

ஃப்ளோரன்ஸ் கேட்டாள். கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். கேள்வி மேல் கேள்வியாக அவளிடமிருந்து வந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள், நடுவில் ஒரு தரம் சிரித்தும் விட்டாள். கிளம்பும்போது, "நாலு நாளா வந்தவங்க எல்லாரும் அழாதேன்னுதாம்மா சொன்னாங்க. அவரு எப்படி இருந்தாருன்னு யாருமே கேக்கல," என்றாள்.

அச்சகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். பாய் ஈய எழுத்துகளைக் கோத்து முடித்துவிட்டுத் தலைப்பைக் கேட்டார்.

"பழசே இருக்கட்டும் பாய். ஒரு வார்த்தைய மட்டும் மாத்துங்க."

‘மணி கேட்டவர் மறைந்தார்.’

பக்கத்து அறையில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பாஸ்கர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான். மை நெடி என்றான்.

மறுநாள் ஆண்டு விழாவில் ‘உப்புக் காற்று’ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஆனால் காணாமல்போன அந்த ஒற்றைத் தாள் ஃப்ளோரன்ஸின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. லூர்து அன்று விழாவுக்கு வரவில்லை. டோரதியின் கல்யாணம் நடக்குமா? ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்த பாவம் தன் தலையிலா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா மீன் குழம்பைக் கொதிக்கவிட்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. சிலுவையம்மாள் பழக்கத்தில், "உள்ள போய் ஒளிஞ்சிக்கடி, யாரோ வராங்க," என்றாள்.

ஃப்ளோரன்ஸ் போய்க் கதவைத் திறந்தாள்.

அருள்நாதன்! ஒரு கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. இன்னொரு கையில் நாலாக மடித்த அந்தத் தாள்!

"என்ன சாவடிச்சது நீதான?" என்றார்.

"அண்ணே..."

"அன்னிக்குப் பொழுதோட கதவத் தட்டறாங்க. தொறக்கறேன். என் சம்பந்தி லூர்து! கையில மாலை, கண்ணுல தண்ணி. என்னப் பாத்தாரு. மாலைய என் மேலயே போட்டுட்டு மயக்கம் போட்டு வுழுந்துட்டாரு."

"ஐயையோ!" சிலுவையம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். "அடிப்பாவி! எந்த அருள்நாதன்னு ஒரு வார்த்த கேட்டியாடி? பெத்தவ நான் ஒருத்தி தெருவெல்லாம் கத்திக்கினு கீறேனே, என்னையாவது கேட்டியா?"

"கண்ணாலம்?" என்றாள் ஃப்ளோரன்ஸ். அவள் உயிரே அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

"நின்னுச்சுன்னா பத்திரிகைய எதுக்கு எடுத்துனு வரேன்?" அருள்நாதன் மீசைக்குள் சிரித்தார். "தண்ணி தெளிச்சு எழுப்பினோம். எழுந்தவரு இன்னா சொன்னாருன்ற? ‘உயிரோட கீறவருக்குச் சாவுச் செய்தி வந்தா ஆயுசு கெட்டி சம்பந்தி, இத வுட நல்ல சகுனம் கெடையாது’ன்னுட்டாரு! புதன்கெழம கண்ணாலம். குடும்பத்தோட வந்துடணும்."

ஃப்ளோரன்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அழுதாள். இரண்டும் சேர்ந்து வந்தது.

அருள்நாதன் நாலாக மடித்த தாளைப் பிரித்தார். குரல் தணிந்தது. "இதுல எழுதிக்கீறியே பாப்பா. மொத நாளு, வாசலாண்ட ஒரு பொண்ணு நின்னுச்சு, அதுக்காவ நான் மணிய நிறுத்தி வச்சேன்னு. அந்தப் பொண்ணு நீயா?"

"ஆமாண்ணே."

"நான் எங்க நிறுத்தினேன்? கயிறு மாட்டிக்கிச்சு."

ஃப்ளோரன்ஸ் அவரையே பார்த்தாள்.

"அந்தக் கப்பி அப்படித்தான். எத்தினி வாட்டி எழுதிக் குடுத்தேன், ஒருத்தனும் மாத்தல. சிலுவ மேல சத்தியமா பாப்பா, உன்ன நான் பாக்கவே இல்ல."

"அப்ப... என்னப் பாத்துச் சிரிச்சீங்களே?"

"சிரிச்சனா? கயித்த இழுத்து இழுத்து வாய் கோணிக்கிச்சு!"

மணிக் கூண்டின் அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கியது ஃப்ளோரன்ஸுக்கு ஞாபகம் வந்தது. தன் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும்! எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்க அடக்கப் பொங்கியது. அருள்நாதனும் சிரித்தார். ஒன்றும் புரியாமல் சிலுவையம்மாளும் சிரித்தாள்.

"இருந்தாலும் ரொம்ப நன்றிங்க அண்ணே," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"எதுக்கு?"

"கயிறு மாட்டினதுக்கு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த இதழ்ல இந்தச் சமாச்சாரத்தப் போட்டுடறேன். திருத்தம்னு," என்றாள்.

"ஏய், ஏய், பாப்பா!" அருள்நாதன் பதறிப்போனார். "அத மட்டும் செய்யாத. அந்த வரியப் படிச்சுட்டுத்தான் என் சம்பந்தி குலுங்கிக் குலுங்கி அழுதாரு. மாலை வாங்கியாந்ததே அந்த வரிக்காவத்தான். இப்ப வூட்ல எனக்கு எம்மாம் மரியாதை தெரியுமா? கண்ணாலம் முடியறவரைக்குமாவது நான் நல்லவனா இருந்துட்டுப் போறேனே!"

காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். ஃப்ளோரன்ஸ் வாசல் வரை கூடப் போனாள். சந்து திரும்புகிற இடத்தில் அவர் நின்று கையைத் தூக்கினார். "பாப்பா! கயித்துச் சமாச்சாரம் யாருக்கும் தெரியக்கூடாது!"

"புதன்கெழம வரைக்கும்தான் அண்ணே!" என்று கத்தினாள் ஃப்ளோரன்ஸ். எதிர்வீட்டு மாடியில் யாரோ எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள்.

சிலுவையம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என் தொண்டைடி உனுக்கு," என்றாள் மெதுவாக. சட்டென்று குரலை உயர்த்தி, "கதவச் சாத்துடி, பூனை பூந்து கொழம்ப உருட்டிடும்!" என்றாள்.

ஃப்ளோரன்ஸ் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.